மரை கழன்ற கதை

ஒரு மனிதனுக்குப் புத்தி கொஞ்சம் பிசகிவிட்டது என்பதை நம்மவர்கள் "அவனுக்கு மரை கழன்றுவிட்டது" என்று சொல்வார்கள். மண்டைக்குள் மரை கழன்றால் கஷ்டப்படுகிறவன் அவன் ஒருவன்தான். மிஞ்சிப் போனால் அவனைக் கட்டிக்கொண்டவளும் பெற்றவர்களும் சேர்ந்து கஷ்டப்படுவார்கள். மோட்டார் காரின் முன் சக்கரத்தில் இருக்கும் மரை கழன்றாலோ விஷயம் வேறு. சாலையோரம் கீரை வாங்கிக்கொண்டு நிற்கும் முன்பின் தெரியாத ஒரு கிழவிக்குக்கூட அதனால் ஆபத்து. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது ரக மரையைப் பற்றியது.

என்னிடம் 1964ஆம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று இருக்கிறது. பெரியப்பா வைத்துவிட்டுப் போன சொத்துக்களில் விற்கத் தகுதியானவற்றை எல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இது எனக்கு வந்தது. பழைய கார்ப் பிரியர்களின் சாஸ்திரப்படி இதை "விண்டேஜ்" என்று சொல்லக்கூடாது. 1919 முதல் 1930 வரை செய்த வண்டிகளுக்கே அந்தப் பட்டம் என்று இங்கிலாந்தில் ஒரு சங்கம் வகுத்து வைத்திருக்கிறது. நம் ஊரில் அவ்வளவு ஆசாரம் கிடையாது. தெருவில் போனால் நாலு பேர் திரும்பிப் பார்த்தால் அது விண்டேஜ். அந்தக் கணக்கில் என் ஹெரால்டும் தேறும்.

இந்த வண்டியின் ஸ்டியரிங்குக்கு வேண்டிய ஒரு சாமானை, உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு சாமானை, நான் ஏறக்குறைய ஒரு வருஷம் தேடினேன். தேடிய வழியில் அந்தச் சாமானின் சரித்திரம் கொஞ்சம் கொஞ்சமாக என் கைக்கு வந்தது. சாமான் கிடைப்பதற்கு முன்பே சரித்திரம் கிடைத்துவிட்டது என்பதால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

வண்டியை நேராக ஓட்டுவது மனிதனுக்கு எந்தக் காலத்திலும் பெரிய காரியமாக இருந்ததில்லை. திருப்புவதுதான் பெரும்பாடு. திருவாரூர்த் தேரைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அவ்வளவு பெரிய தேருக்கு ஸ்டியரிங் என்று ஒன்று கிடையாது. முட்டுக்கட்டை போடுகிறவர்கள்தான் அதன் ஸ்டியரிங். ஓடுகிற சக்கரத்தின் முன் கட்டையைச் சரியான சாய்வில் செருகித் தேரை இப்படியும் அப்படியும் ஒடிப்பார்கள். வடம் பிடிக்கிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம்; ஆனால் தேர் நிலைக்கு வந்து சேருவது அந்த நாலைந்து பேர் கையில் இருக்கிறது. மாட்டு வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. இரண்டே சக்கரம், மாடு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் வண்டியும் திரும்பிவிடும்.

நாலு சக்கர வண்டி வந்ததும் சங்கடம் வந்தது. ஆரம்பத்தில் முன் அச்சு முழுவதையும் நடுவில் ஓர் ஆணியில் நிறுத்தி, அச்சோடு சேர்த்துத் திருப்பினார்கள். அதிகமாகத் திருப்பினால் வண்டி குடை சாய்ந்துவிடும். அச்சு அசையாமல் நிற்க, இரண்டு முனைகளிலும் சக்கரங்கள் மட்டும் தனித்தனியே திரும்பினால் என்ன என்ற யோசனை 1759ஐ ஒட்டி இங்கிலாந்தில் எராஸ்மஸ் டார்வின் என்ற வைத்தியருக்குத் தோன்றியது. பரிணாமக் கொள்கை சொன்ன சார்லஸ் டார்வினின் தாத்தா அவர். நோயாளிகளைப் பார்க்கக் குதிரை வண்டியில் ஊர் ஊராக அலைந்தவர். வண்டி கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதை நன்றாக அறிந்தவர். ஆனால் அவர் அந்த யோசனைக்கு உரிமை எதுவும் வாங்கவில்லை.

பிறகு ம்யூனிக் நகரத்து வண்டி செய்பவரான ஜார்ஜ் லாங்கென்ஸ்பெர்கர் அதே ஏற்பாட்டைச் செய்து முடித்தார். அவருக்காக லண்டனில் 1818ல் உரிமைப் பத்திரம் வாங்கியவர் ருடால்ஃப் ஆக்கர்மன். இவர் படங்களும் புத்தகங்களும் அச்சிட்டு விற்றவர். இன்றைக்கு உலகத்து மெக்கானிக்குகள் எல்லாம் அந்த ஏற்பாட்டை "ஆக்கர்மன் ஸ்டியரிங்" என்கிறார்கள். செய்தவர் பெயர் போய், பத்திரம் பதிவு செய்தவர் பெயர் நின்றது. எழுத்தாளர்களுக்கும் பிரசுரகர்த்தர்களுக்கும் இடையே நடப்பது வண்டித் தொழிலிலும் நடந்திருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு ஓர் அற்ப ஆறுதல் ஏற்பட்டது.

ஆக, மோட்டார் கார் பிறந்தபோது, முன் சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி ஆணியில் சுழல வேண்டும் என்பது தீர்ந்துபோன விஷயம். அந்த ஆணிக்குத்தான் நம் பட்டறைகளில் "கிங்பின்" என்று பெயர். பழைய லாரிக்காரர்களைக் கேட்டால் கிங்பின் தேய்ந்த கதை ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள்.

இனி ஹெரால்டுக்கு வருவோம். இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு டிரையம்ஃப் கம்பெனிக்கு 1950களில் ஒரு நெருக்கடி வந்தது. அவர்களுக்குக் காரின் கூடு செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனத்தை 1953ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.ஸி. வாங்கிவிட்டது. ஒரே வார்ப்பாகக் கூடு அமைக்கும் நவீன முறைக்கு இவர்களுக்கு வழியில்லாமல் போயிற்று. எனவே, சேஸிஸ் என்ற இரும்புச் சட்டத்தைத் தனியே செய்து, கூட்டைத் துண்டு துண்டாக அதன்மேல் போல்ட் போட்டுப் பூட்டும் பழைய முறைக்கே திரும்பினார்கள். தலைமை எஞ்சினியர் ஹாரி வெப்ஸ்டர். உருவம் வரைந்தவர் இத்தாலியரான ஜோவான்னி மிக்கெலோட்டி. கம்பெனித் தலைவர் அலிக் டிக் தம்முடைய படகுக்கு வைத்திருந்த பெயரையே காருக்கும் வைத்தார். 1959 ஏப்ரலில் ஹெரால்டு வெளிவந்தது.

அந்த வண்டியில் எல்லோரையும் வியக்க வைத்தது அது திரும்பும் அழகு. இருபத்தைந்தே அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். லண்டன் டாக்ஸிகளுக்குச் சட்டம் விதித்திருக்கும் அளவு அதுதான். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிச் சந்துகளில் வேறு வண்டிக்காரர்கள் முன்னும் பின்னுமாக மூன்று தடவை போராடுகிற இடத்தில், ஹெரால்டு ஒரே ஒடிப்பில் திரும்பி வந்துவிடும். முன்பக்கத்துக் கூடு முழுவதும், மட்கார்டும் விளக்கும் சேர்ந்து, முதலை வாயைப் பிளப்பதுபோல் முன்னால் கவிழும். மெக்கானிக் சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டு சாவகாசமாக வேலை செய்யலாம்.

இந்த வண்டி சென்னைக்கு வந்ததற்குக் காரணம் அரசாங்கக் கொள்கை. வெறுமே பாகங்களை இறக்குமதி செய்து இங்கே கோத்து விற்கும் கம்பெனிகள் வேண்டாம், உள்நாட்டிலேயே படிப்படியாகத் தயாரிக்கிறவர்கள் மட்டும் இருக்கலாம் என்று 1953ல் இந்திய அரசு தீர்மானித்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டிக்கொண்டன. தங்கிய சிலரில் ஒருவர் 1948ல் ஏற்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. வண்டலூர்ப் பக்கம் அவர்கள் தொழிற்சாலை. வான்கார்டு, ஸ்டாண்டர்டு டென், பென்னன்ட் என்று வந்த வரிசையில் 1961ல் ஹெரால்டு வந்தது. துண்டு துண்டாகப் பூட்டுகிற வண்டியாதலால் கடல் தாண்டி வந்து கோப்பதற்கு வெகு சௌகரியம். கவென்ட்ரியில் வேறு வழியின்றிச் செய்த காரியம் வண்டலூரில் வரப்பிரசாதமாயிற்று. பின்னால் நான்கு கதவு வைத்த ஹெரால்டும் இங்கே செய்தார்கள். இங்கிலாந்துக்காரர்கள் அதைக் கண்ணால் கண்டதில்லை.

இப்போது நம்முடைய மரைக்கு வருகிறேன்.

ஹெரால்டின் முன் சக்கரத்தை ஓர் எஃகுத் தண்டு தாங்கி நிற்கிறது. அதன் மேல் முனையில் பால் ஜாயிண்ட் என்ற உருண்டை மூட்டு. கீழ் முனையில் மரை. அந்த மரை, மஞ்சள் உலோகத்தாலான ஒரு குப்பிக்குள் திருகி நிற்கிறது. வெண்கலம் என்பார் சிலர், பித்தளை என்பார் சிலர். அந்தக் குப்பிக்குத்தான் "ட்ரன்னியன்" என்று பெயர். இது பீரங்கிக்காரர்கள் கொடுத்த பெயர். நம் கோட்டை மியூசியத்தில் இருக்கும் பீரங்கிகளைப் பாருங்கள். குழலின் நடுவில் இரண்டு பக்கமும் கைகளைப்போல் இரண்டு முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். வண்டியின் மேல் அவை உட்கார்ந்திருப்பதால்தான் குழலின் வாயை உயர்த்தவும் தாழ்த்தவும் முடிகிறது. அந்த முளைகளின் பெயர் ட்ரன்னியன். சாமான் மாறினாலும் பெயர் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

சாதாரணமாக ஒரு மரையின் தர்மம் முடுக்கினால் அசையாமல் இருப்பது. ஹெரால்டின் மரைக்கு அந்தச் சௌகரியம் இல்லை. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்தத் தண்டு குப்பிக்குள் திருகிக்கொண்டு ஏறும்; இறங்கும். ஆயுள் முழுவதும் பாதிக் கழன்ற நிலையிலேயே காலம் தள்ள வேண்டிய மரை அது. ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கு வலமரை; மறுபக்கத்துக்கு இடமரை. மாற்றிப் போட முடியாது. வண்டியின் முன்பாரமும், சாலைப் பள்ளங்களின் அடியும், அந்த இருபத்தைந்து அடி வட்டத்தில் திரும்பும் பெருமையின் சுமையும் அந்தச் சில அங்குல மரையின்மேல் இறங்குகின்றன.

இதைச் செய்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஆகவே குப்பிக்குள் எண்ணெய் தேங்கி நிற்க இடம் வைத்தார்கள். 90ஆம் நம்பர் கியர் ஆயிலைத்தான் விட வேண்டும் என்று கைப்புத்தகத்தில் எழுதினார்கள். கவனியுங்கள்: ஆயில், கிரீஸ் அல்ல. ஆயில் மரையின் இடுக்குகளுக்குள் தானாக இறங்கும். கிரீஸ் போட்ட இடத்திலேயே நின்று நாளடைவில் காய்ந்துவிடும். காய்ந்த கிரீஸின் ஓரமாக மழைத் தண்ணீர் இறங்கும். எஃகு துருப்பிடிக்கும். துரு மரையின் அடிப்பள்ளத்தில் குழி பறிக்கும். குழியிலிருந்து விரிசல் கிளம்பும். ஒரு நாள், பெரும்பாலும் வண்டியை நிறுத்துவதற்காக முழு ஒடிப்பில் திருப்பும்போது, தண்டு பட்டென்று முறியும். சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மடங்கிக்கொள்ளும். மெதுவாகப் போகும்போது நடந்தால் அவமானத்தோடு போயிற்று. ஜி.எஸ்.டி. ரோட்டில் வேகமாகப் போகும்போது நடந்தால், அப்புறம் கட்டுரை எழுத ஆள் இருக்காது.

இவ்வளவு தெளிவாக எழுதி வைத்தும் பட்டறைகளில் கிரீஸ் போட்டார்கள். ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். அந்தக் காலத்தில் நம் ஊரில் ஓடிய மற்றொரு சின்னக் கார் மாரிஸ் மைனர். 1948ல் அலெக் இஸிகோனிஸ் சிருஷ்டித்தது. அதற்கும் மேலும் கீழும் மரை போட்ட ட்ரன்னியன் உண்டு. அதற்குக் கிரீஸ்தான் போட வேண்டும். ஒரே பையன், ஒரே கிரீஸ் கன், அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கார். மைனருக்கு அடித்த கையோடு ஹெரால்டுக்கும் அடித்திருப்பான். இது என் ஊகம். ஆனால் பட்டறைகளை அறிந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

என் வண்டியைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி பழைய ஆள். அவருடைய தகப்பனார் பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை செய்தவர். ஒரு நாள் முன் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். லேசான ஆட்டம் இருந்தது. கழற்றினார். குப்பிக்குள் கிரீஸ் பழம்புளி மாதிரி இறுகிக் கிடந்தது. தண்டின் மரை, எலி கடித்த சோளக்கதிர் மாதிரி இருந்தது. பிறகு அவர் செய்த காரியம்தான் எனக்குப் புதுமை. தண்டை நன்றாகத் துடைத்து ஒரு ராத்திரி முழுவதும் மண்ணெண்ணெயில் ஊறப் போட்டார். காலையில் எடுத்து உலரத் துடைத்து, ஸ்பிரிட்டில் குழைத்த சாக்குப்பொடியைப் பூசினார். காய்ந்ததும் சின்னச் சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டினார். வெள்ளைப் பூச்சின் மேல், மரை ஆரம்பிக்கும் இடத்தில், தலைமயிர் மாதிரி ஒரு கறுப்புக் கோடு மெல்ல ஊறி வந்தது.

"பார்த்தீங்களா சார்? உள்ளே போன மண்ணெண்ணெய் வெளியே வருது. விரிசல் இருக்கு. அப்பா காலத்திலே ரயில் அச்சுக்கெல்லாம் இப்படித்தான் பார்ப்பாங்க" என்றார்.

"புதுசு கிடைக்கும் வரையில் மெதுவாக ஓட்டிக்கொண்டிருக்கலாமா மேஸ்திரி?"

"வண்டியைக் கொடுக்க மாட்டேன் சார். பேரப் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போறீங்க. சாமான் வாங்கிட்டு வாங்க. அப்புறம் சாவி தரேன்."

அந்த மயிரிழைக் கோட்டின் பின்னால் பெரிய சரித்திரமே இருக்கிறது. 1842 மே மாதத்தில் பாரிஸ் அருகே வெர்ஸேய் ரயில் பாதையில் ஓர் எஞ்சினின் அச்சு முறிந்து வண்டிகள் தீப்பற்றின. ஐம்பது பேருக்கு மேல் மாண்டார்கள். தென்துருவக் கடல்களை எல்லாம் சுற்றித் திரும்பிய கப்பல் தலைவர் ட்யூமான் ட்யூர்வில் குடும்பத்தோடு அதில் வெந்து போனார். நல்ல இரும்பு, நேற்று வரை ஓடிய அச்சு, இன்று ஏன் முறிய வேண்டும் என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. ஸ்காட்லாந்துக்காரரான ராங்கின் முறிந்த அச்சுகளை ஆராய்ந்து, கூர்மையாக மூலை வெட்டிய இடத்தில்தான் விரிசல் பிறந்து மெள்ள மெள்ள உள்ளே வளர்கிறது என்று 1843ல் எடுத்துக்காட்டினார். பிறகு ஜெர்மனியில் வோலர் என்பவர் பல வருஷ காலம் அச்சுகளைத் திரும்பத் திரும்ப வளைத்துப் பார்த்து, இரும்புக்கும் களைப்பு உண்டு என்பதைக் கணக்காகவே நிறுவினார். ஒரே தடவை பெரிய சுமை கொடுத்தால் தாங்குகிற உலோகம், சின்னச் சுமையை லட்சம் தடவை கொடுத்தால் தாங்காமல் போகலாம். குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இந்தத் தத்துவம் புதிதல்ல.

இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் நான் சாமான் தேடப் புறப்பட்டேன். தெரியாமல் புறப்பட்டிருந்தால் முதல் கடையிலேயே காரியம் முடிந்திருக்கும். நானும் கொஞ்ச நாளில் முடிந்திருப்பேன்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கேட்டேன். கடைப் பையன், "ஹெரால்டா? அது எந்தக் கம்பெனி சார்?" என்றான். அவன்மேல் தப்பில்லை. அவன் பிறப்பதற்கு வெகு முன்பே கம்பெனியே மூடிவிட்டது. புதுப்பேட்டையில் ஒரு வயதான பாய், பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தார். ஒரு காலத்தில் ஹெரால்டு ஹெரால்டாக உடைத்து விற்றவர். சாமான் குவியலுக்குள் அரைமணி நேரம் தேடி இரண்டு தண்டும் ஒரு குப்பியும் எடுத்துக் கொடுத்தார். தண்டு இரண்டும் வலப்பக்கத்தவை. குப்பி இடப்பக்கத்தது. "ஜோடி சேராது தம்பி. இதை வாங்கிட்டுப் போய்ப் பேப்பர் வெயிட்டா வேணா வச்சுக்குங்க" என்று அவரே சொல்லிவிட்டார். இப்படி உண்மை சொல்லும் வியாபாரிக்கு ஆண்டவன் நீண்ட ஆயுளைக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு கடையில் அவ்வளவு உண்மை கிடைக்கவில்லை. கடை பெயர் எதற்கு? பளபளவென்று கறுப்புச் சாயம் பூசிய தண்டை அட்டைப் பெட்டியில் வைத்து, "அசல் கம்பெனி சரக்கு, கை படாதது" என்று கொடுத்தார்கள். மேஸ்திரி நகத்தால் சுரண்டினார். சாயத்துக்கு அடியில் துருவின் குழிகள் அம்மைத் தழும்பு மாதிரி இருந்தன. கை படாதது என்னவோ வாஸ்தவம், காலம் பட்டிருந்தது.

அடுத்த யோசனை, புதிதாகக் கடைந்து கொள்வது. அம்பத்தூரில் லேத் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் பழைய தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாதிரி செய்து தரலாம். பார்வைக்கு அச்சாக இருக்கும். ஆனால் இது சம்மட்டி வார்ப்பு. எஃகின் நார் வளைவோடு ஓடுகிறது. நான் உருட்டுக் கம்பியிலிருந்து கடைந்தால் நாரை நடுவில் அறுத்தாற்போல் ஆகிவிடும். மரையின் அடியும் இதில் வழவழப்பான வளைவு. நம்ம டூல் கூராக வெட்டும். கூராக வெட்டின இடத்தில்தான் முறியும். பிராணன் விஷயத்துக்கு நான் ஜவாப்தாரி ஆக மாட்டேன்" என்றார். ராங்கினை அவர் படித்ததில்லை. ஆனால் 1843ஆம் வருஷத்து முடிவை அட்சரம் பிசகாமல் சொன்னார்.

கடைசியில் இங்கிலாந்துக்குத்தான் எழுத வேண்டியிருந்தது. இங்கே ஒரு விசித்திரத்தைச் சொல்ல வேண்டும். ஹெரால்டு அங்கே 1971லேயே நின்றுபோயிற்று. மொத்தம் செய்தவை ஐந்து லட்சத்துக்குச் சற்று அதிகம். அப்படியிருந்தும் அதன் முன்பக்கச் சாமான்கள் அங்கே இன்றைக்கும் புதிதாகச் செய்யப்படுகின்றன. காரணம் ஹெரால்டு அல்ல, அதன் உறவினர்கள். 1962ல் வந்த ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு பேர் உட்காரும் கார் ஹெரால்டின் முன்பக்கத்தையே ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டு 1980 வரையில் ஓடியது. அதில் மூன்று லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதோடு, பந்தயக் கார் உலகத்துப் பெரும்புள்ளியான காலின் சாப்மன் தம்முடைய லோட்டஸ் கார்களுக்கு இந்தத் தண்டையே வாங்கிப் பூட்டினார். 1962ல் வெளிவந்து இன்றைக்கும் ஸ்டியரிங்குக்குப் புகழ்பெற்று நிற்கும் லோட்டஸ் எலானின் முன் சக்கரத்தைத் தாங்குவதும் இந்த ட்ரன்னியன் வமிசம்தான். ஆக, பணக்காரப் பையன்களின் பந்தய ஆசையால் என் பெரியப்பாவின் குடும்பக் காருக்குச் சாமான் கிடைக்கிறது.

வண்டலூரின் கதை வேறு. இங்கே ஹெரால்டுக்குப் பின் வந்த கெஸல் 1977ல் நின்றது. 1985ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய கார் வந்து, சில வருஷத்தில் அதுவும் நின்று, தொழிற்சாலையும் மூடிற்று. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு என்ற பெயரையே 1963ல் கைவிட்டுவிட்டார்கள். அந்தப் பெயரைக் கால் நூற்றாண்டு கூடுதலாகக் காப்பாற்றியது சென்னைதான். பெயரைக் காப்பாற்றினோமே தவிர அச்சுகளைக் காப்பாற்றவில்லை. இத்தனைக்கும் ஸ்டியரிங் சாமான் செய்யும் வித்தை நம் ஊருக்குத் தெரியாததல்ல. 1929ல் வியாபாரக் கம்பெனியாக ஏற்பட்ட ராணே மெட்ராஸ் 1960ஐ ஒட்டி டை ராட் எண்ட் செய்யத் தொடங்கிற்று. இன்று அந்தக் குழுமத்தின் ஸ்டியரிங் சாமான்கள் கடல் கடந்தும் போகின்றன. தொழில் இருக்கிறது, கை இருக்கிறது; கேட்கிற ஆள் எண்ணிக்கைதான் இல்லை. நூறு பேருக்காக யாரும் அச்சுச் செய்ய மாட்டார்கள்.

இங்கிலாந்திலும் எல்லாம் ஒரே தரம் அல்ல என்பது பார்சல் வந்தபோது தெரிந்தது. விலை மலிவான குப்பி ஒன்றும் விலை கூடியது ஒன்றும் வரவழைத்திருந்தேன். இரண்டும் ஒரே மஞ்சள், ஒரே பளபளப்பு. மேஸ்திரி ஒவ்வொன்றையும் புதுத் தண்டில் திருகிப் பார்த்தார். மலிவானது கடகடவென்று இறங்கிற்று. முழுவதும் இறங்கியும் பக்கவாட்டில் ஆடிற்று. விலை கூடியது எண்ணெய் விட்ட பிறகு, ஒரே சீராக, விரலுக்கு ஒரு கனம் தெரியும்படி இறங்கி அசையாமல் நின்றது. "புதுசிலேயே ஆடினா, பழசிலே என்ன பண்ணும்?" என்று சொல்லி மலிவானதைத் தள்ளி வைத்தார். புதுத் தண்டையும் அவர் நம்பவில்லை. மண்ணெண்ணெயும் சாக்கும் மிக நுண்ணிய விரிசலைக் காட்டாது என்று சொல்லி, காந்தச் சோதனைக்கு அனுப்பினார். எஃகைக் காந்தமாக்கி இரும்புப் பொடியைத் தூவினால் விரிசல் உள்ள இடத்தில் பொடி வரிசையாகச் சேர்ந்து காட்டிக்கொடுக்கும். முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்காவில் ஹோக் என்பவர், சாணை பிடிக்கும் மேஜையில் பொடி தானாக வரிசை கட்டுவதைப் பார்த்துக் கண்டுபிடித்த உபாயம் இது. எங்கள் தண்டில் பொடி எங்கும் சேரவில்லை.

மற்றச் சாமான்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டை ராட் எண்டுகள் புதிதாக வாங்கலாம். ஆனால் அவற்றின் ரப்பர் உறையைக் கவனிக்க வேண்டும். மட்டமான உறை ஒரே கோடையில் வெடித்துவிடும். வெடிப்பில் புழுதி புகுந்தால் உருண்டை தேய்ந்துவிடும். ஸ்டியரிங் ராக்கைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ரப்பர் மெத்தைகளும் அப்படியே. நைந்துபோனால் நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரத்துக்குப் பதிலாக ராக்கே நகரும். ஸ்டான்பார்ட் முத்திரையிட்ட பெட்டியில் அறுபது வருஷம் திறக்காமல் இருந்த அசல் சரக்கு என்று சொன்னால் பலருக்கு வாயில் ஜலம் ஊறும். இரும்பும் வெண்கலமும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ரப்பர் என்றால் வேண்டாம். ரப்பர் உபயோகித்தாலும் கிழடாகும், உபயோகிக்காவிட்டாலும் கிழடாகும். ட்ரன்னியனே வேண்டாம், அந்த இடத்தில் உருண்டை மூட்டு வைக்கிறோம் என்று ஒரு செட்டும் விற்கிறார்கள். அதை நான் வாங்கவில்லை. ஒழுங்காக எண்ணெய் விட்டால் பழைய ஏற்பாடு போதும் என்பது மேஸ்திரியின் தீர்ப்பு. அதற்கு மேல் எனக்கு அப்பீல் இல்லை.

சாமான் பூட்டி, அலைன்மெண்ட் பார்த்து, சாவி கைக்கு வந்தது. ஆனால் இந்தத் தேடலில் எனக்கு முக்கியமாகப் பட்டது சாமான் கிடைத்ததல்ல. ஐம்பது வருஷமாக முறிந்த தண்டுகளில் பெரும்பகுதி கெட்ட எஃகினால் முறியவில்லை. "ஆயில், கிரீஸ் அல்ல" என்ற ஒரு வரி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகாமல் நின்றதால் முறிந்தவை. தொழிற்சாலை மூடினால் யந்திரங்களை ஏலத்தில் எடுக்க ஆள் வரும். நிலத்தை வாங்க இன்னும் அதிகம் பேர் வருவார்கள். அந்த ஒரு வரியை ஏலம் எடுக்க ஒருவரும் வருவதில்லை. அது வயதான நாலைந்து மேஸ்திரிகளின் தலைக்குள் இருக்கிறது. அவர்களோடு அதுவும் போய்விட்டால், இங்கிலாந்திலிருந்து எவ்வளவு விலை உயர்ந்த சாமானைத் தருவித்தாலும் அது சில வருஷத்தில் சோளக்கதிராகத்தான் போகும்.

என் மேஸ்திரி இதற்கும் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார். ஹெரால்டின் முன்பக்கத்தைத் திறந்தால், இரண்டு சக்கரங்களுக்கும் மேலே, சட்டத்தில், வெள்ளைப் பெயிண்டினால் கோணல் எழுத்தில் எழுதியிருக்கும்: "ஆயில் மட்டும்." எனக்குப் பிறகு இந்த வண்டி யார் கைக்குப் போகுமோ தெரியாது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவராக இருந்தால் போதும்.